நோட்டோடு போங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வழிகாட்டி பற்றியவை. ‘மென்டர் இல்லாமல் முன்னுக்கு வர முடியாது என்கிறார்கள், அவரை எங்கே போய்த் தேடுவது?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அரசு கலைக் கல்லூரிகளில் 31 வருடம் கணிதம் எடுத்தவள் நான். ஸ்டாஃப் ரூமுக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

கேள்வி: அம்மா, நான் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பா கரும்பு வெட்டப் போகிறார். எனக்கு எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சி வரை போக ஆசை. எந்தத் தேர்வு எழுத வேண்டும், எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. பெரிய மனிதர்கள் யாரையும் எங்களுக்குத் தெரியாது. வழிகாட்டியை எப்படிப் பிடிப்பது?
– ஒரு மாணவி, திருக்கோவிலூர் பக்கம்

திருக்கோவிலூர் என்று படித்ததுமே உங்கள் கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், அம்மா. 1910-இல் ஓர் இளைஞர் உங்கள் ஊருக்கு வந்தார். வளர்ந்தது கும்பகோணம், வயது 22, எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தொடக்கத் தேர்வில் தேறவில்லை, கல்யாணம் ஆகிவிட்டது, வேலை இல்லை. அப்போது அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். அந்த இளைஞர் அவரிடம் கேட்டது குமாஸ்தா வேலை. கூடவே தன் நோட்டையும் நீட்டினார். புரட்டிப் பார்த்த ஐயர் வேலை கொடுக்கவில்லை. இப்படிப்பட்டவரை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைக்க மனசு வரவில்லை என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். சென்னையில் இருந்த தன் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிவைத்தார்.

வந்தவர் சீனிவாச ராமானுஜன். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேராகக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு நடுவில் இருந்தவர்கள்தான் முக்கியம். சென்னையில் பி.வி. சேஷு ஐயர், பிறகு நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். முதல் சந்திப்பில் அந்த நோட்டில் இருந்தது ராவுக்குப் பிடிபடவில்லை. ராமானுஜன் மறுபடியும் போனார். எளிய முடிவுகளை முதலில் காட்டி, அதற்கப்புறம் படிப்படியாகக் கடினமானவற்றுக்குத் தன்னைக் கூட்டிப்போனார் என்று ராவே எழுதிவைத்திருக்கிறார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, கணிதத்தைத் தொடர்ந்து செய்ய வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்சம் கிடைத்தால் போதும் என்றார். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். இத்தனை பேரைக் கடந்த பிறகுதான் 1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் போகிறது.

ராமானுஜனின் மூளை நமக்கு இல்லை, சரி. ஆனால் அவர் ஆட்களைப் பார்க்கப் போன விதம் யாருக்கும் கைவரும். வெறுங்கையோடு போகவில்லை, தான் போட்ட கணக்கோடு போனார். புரியவில்லை என்றவரிடம் கோபித்துக்கொள்ளாமல் சுலபமானதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். உங்களுக்குப் பெரிய மனிதர்களைத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் முதலில் ஒருவரிடம்தான் போய் நின்றார். மற்றவர்களை அந்த ஒருவர் காட்டினார்.

உங்கள் கல்லூரிக்கு வருவோம். ‘எனக்கு மென்டராக இருப்பீர்களா?’ என்று எந்த ஆசிரியரிடமும் போய்க் கேட்காதீர்கள். கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? எவ்வளவு நாளைக்கு, எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ‘சரிம்மா, நல்லாப் படி’ என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஒரு சந்தேகத்தைக் கொண்டுபோங்கள்.

நான் வேலையில் இருந்தபோது நடந்தது. இரண்டாம் வருடத்துப் பெண் ஒருத்தி, மதியச் சாப்பாடு முடிந்து நான் டப்பாவைக் கழுவிக்கொண்டு வரும் நேரம், ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். கையில் தினசரிக் காலண்டர் தாள்கள் நாலைந்து, பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. “மேடம், 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும் திறந்த இடைவெளி காம்பாக்ட் இல்லை என்று சொன்னீர்கள். −1 முதல் 2 வரை ஒரே ஒரு திறந்த செட்டை எடுத்தால் அது முழுவதும் மூடிவிடுகிறதே. ஒன்று என்பது முடிவுள்ள எண்ணிக்கைதானே?” என்றாள். தப்பான வாதம்தான். ஆனால் அது எவ்வளவு நல்ல தப்பு! ஒரு செட்டைத் திறந்த செட்டுகளால் எப்படி மூடினாலும், அவற்றில் முடிவுள்ள எண்ணிக்கையே அதை மூடப் போதும் என்றால்தான் அது காம்பாக்ட். வரையறையில் ‘எந்த மூடுதலைக் கொடுத்தாலும்’ என்று இருப்பதை அவள் ‘ஏதாவது ஒரு மூடுதல்’ என்று படித்திருக்கிறாள். வகுப்பில் 60 பேர் வரையறையை மனப்பாடம் செய்துவிட்டார்கள். இவள் ஒருத்தி அதை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். 1/2 முதல் 1 வரை, 1/3 முதல் 1 வரை, 1/4 முதல் 1 வரை என்று போகிற திறந்த இடைவெளிகளை அந்தத் தாளிலேயே வரைந்து காட்டி, இதில் எத்தனையை நிறுத்திக்கொண்டால் போதும் என்று சொல் பார்ப்போம் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். மணி அடித்துவிட்டது. மறுநாள் வந்து, ‘எத்தனையில் நிறுத்தினாலும் 0-க்குப் பக்கத்தில் கொஞ்சம் மிச்சம் விழுகிறது மேடம்’ என்றாள்.

அன்றிலிருந்து நான் அவளுக்கு வழிகாட்டி. அவளும் கேட்கவில்லை, நானும் அறிவிக்கவில்லை. எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பம் வரும் என்று அவளுக்காக நான் தேட ஆரம்பித்தேன். இன்று அவள் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள்.

நீங்களும் இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். எங்கே வரை போட்டீர்கள், எந்த வரியில் நின்றீர்கள் என்று தாளில் இருக்கட்டும். காலையில் வகுப்புக்கு ஓடும் நேரம் வேண்டாம், மதியம் நல்லது. இரண்டு மூன்று தடவை போய்வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “மேடம், எம்.எஸ்சி. பற்றி யாரிடம் கேட்டால் தெரியும்?” உங்கள் ஆசிரியருக்கே எல்லாம் தெரிந்திருக்காது. ஆனால் தெரிந்த ஒருவரை அவருக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் கல்லூரியிலும் ‘மென்டர் – மென்டி’ நோட்டு என்று ஒன்று இருக்கும். கல்லூரிகளைத் தரம் பார்க்கும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டுக்காக ஒவ்வொரு ஆசிரியருக்கும் இத்தனை மாணவர் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். பல இடங்களில் அது கையெழுத்தோடு நின்றுவிடுகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும், உங்கள் பெயர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நோட்டைச் சாக்காக வைத்து அவரைப் பார்க்கப் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தேர்வு பற்றிக் கேட்டீர்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரவும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கணிதத்துக்கான ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் சேரவும் ‘ஜாம்’ என்ற கூட்டு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது. இவற்றையெல்லாம்விட உங்கள் வயதுக்கு இப்போதே கைகொடுக்கக்கூடியது எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கியது. அங்கே ஆசிரியர்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். போய்வந்த பிள்ளைகள் வேறு ஆட்களாகத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். காலண்டர் தாளோடு நீங்கள் போய் நின்ற ஆசிரியர்தான் அதை மனசாரக் கொடுப்பார்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு. 40 பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. சின்னக் கல்லூரி என்பதால் ஒதுக்குகிறார்களா? மெயிலையும் இணைத்திருக்கிறேன்.
– ஒரு மாணவர், திருநெல்வேலி

தம்பி ஆங்கிலத்தில் அனுப்பிய மெயிலின் சாரம் இது: ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், நான் மிகுந்த ஆர்வமும் உழைப்பும் உள்ள மாணவன். தங்களின் சிறப்பான ஆராய்ச்சிகளால் பெரிதும் கவரப்பட்டேன். தங்களிடம் இன்டர்ன்ஷிப் செய்யவும், தாங்கள் எனக்கு மென்டராக இருக்கவும் வேண்டுகிறேன். ரெஸ்யூம் இணைத்துள்ளேன்.’

கல்லூரி காரணமில்லை, தம்பி. ‘ஐயா/அம்மையீர்’ என்ற அந்தச் சாய்கோடே இது 40 பேருக்குப் போனது என்று சொல்லிவிடுகிறது. எந்த ஆராய்ச்சி உங்களைக் கவர்ந்தது என்று ஒரு வரிகூட இல்லை. படிக்கிறவர் ‘சரி’ என்றால் இரண்டு மாதப் பொறுப்பு, ‘இல்லை’ என்றால் ஒரு பிள்ளையின் மனசு நோகும். இரண்டும் வேண்டாமென்று மூடிவைத்துவிடுவார்.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஐயா, நான் இன்ன கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு. ஊசல் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். எங்கள் லேபில் சிம்பிள் பெண்டுலத்தை 5 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரை இழுத்துவிட்டு அலைவு நேரம் எடுத்தேன். 40 டிகிரியில், பாடப் புத்தகச் சூத்திரம் சொல்வதைவிட சுமார் 3 சதவீதம் கூடுதலாக வருகிறது. இது முழுக்கக் கோணத்தால் வருவதா, காற்றுத் தடைக்கும் பங்கு இருக்கிறதா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இதற்கு நான் எதைப் படிக்க வேண்டும்? அளவெடுத்த அட்டவணை கீழே.’

இதில் மென்டர் என்ற சொல்லே இல்லை. பதில் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் போதும். அட்டவணையைப் பார்த்தவுடன் நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்பதும் தெரிந்துவிடும். பெண்டுலம் இல்லாத கல்லூரி லேப் தமிழ்நாட்டில் கிடையாது, அதனால்தான் அந்த உதாரணம். நிஜமாகவே ஆட்டிப் பார்த்து அளவெடுத்துவிட்டு எழுதுங்கள். என் வரிகளை அப்படியே நகல் எடுத்து அனுப்பினால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

40 பேர் வேண்டாம், மூன்று பேர் போதும். இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விடைத்தாள் திருத்தும் சமயத்தில், அதாவது ஏப்ரல், மே, நவம்பர், டிசம்பரில், எந்த ஆசிரியருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. பேராசிரியருக்கு எழுதத் தயக்கமாக இருந்தால் அவரிடம் பிஎச்.டி. செய்யும் மாணவர்களுக்கு எழுதுங்கள். நேற்றுவரை உங்கள் இடத்தில் இருந்தவர்கள், பெரும்பாலும் பதில் போடுவார்கள். ஹார்டிக்கு முன்னால் பேக்கர், ஹாப்சன் என்று கேம்பிரிட்ஜிலேயே இரண்டு பேருக்கு ராமானுஜன் எழுதி ஒன்றும் நடக்கவில்லை. பதில் வராததை உங்கள் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடைகால ஆய்வு உதவித்தொகை கொடுக்கின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் பக்கத்திலேயே இருந்து வேலை பார்க்கலாம். அதற்கும் இதே பழக்கம்தான் உதவும்: ஏன் போக வேண்டும் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. படிக்கிறேன். என் ப்ராஜெக்ட் கைடு நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று எல்லாரும் சொல்லித்தான் சேர்ந்தேன். இப்போது ராத்திரி 11 மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை வெளியே சந்திக்கலாம் என்கிறார். மறுத்தால் மதிப்பெண்ணில் கைவைப்பாரோ என்று பயம். என் மேல்தான் தப்போ?
– பெயரும் ஊரும் வேண்டாம்

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. முதலில் இதை நம்புங்கள், கண்ணு.

அந்தச் செய்திகள் ஒன்றையும் அழிக்காதீர்கள். தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான இன்னொருவரிடமும் கொடுத்துவையுங்கள். ‘ப்ராஜெக்ட் விஷயமாக டிபார்ட்மென்டில் வேலை நேரத்தில் வந்து பார்க்கிறேன் சார்’ என்று ஒரே ஒரு வரி பதில் போடுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இனி போகும்போது தோழியோடு போங்கள், கதவு திறந்திருக்கட்டும்.

பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருந்தே ஆக வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் 2015 யு.ஜி.சி. விதிமுறைகளும் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் பயத்துக்கும் அதே விதிமுறைகளில் பதில் இருக்கிறது: விசாரணை நடக்கும்போது அந்த ஆசிரியர் உங்கள் வேலையையோ தேர்வையோ மதிப்பிடக் கூடாது என்று தடுக்கும்படி குழு பரிந்துரைக்கலாம். கைடை மாற்றித் தரும்படி கேளுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இப்படி ஒரு பெண் வந்து சொன்னபோது, ‘படிப்பு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று நாங்கள் சில ஆசிரியைகள் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டோம். அவள் படிப்பை முடிக்கவே இல்லை. அதை நினைக்காமல் என்னால் இந்தப் பதிலை எழுத முடியவில்லை. உங்கள் கல்லூரியில் குழுவே செயல்படவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பத்திரிகை அலுவலகம் உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் என்னிடம் சேர்க்கும்.

கேள்வி: ஒரு நிறுவனம் 25,000 ரூபாய் கட்டினால் மகனுக்கு ஆறு மாதம் மென்டர் தருவோம், ஆய்வுக் கட்டுரையும் அவன் பெயரில் வெளியிட்டுத் தருவோம், சான்றிதழும் உண்டு என்கிறது. கட்டலாமா?
– ஒரு தந்தை, சேலம்

கட்டாதீர்கள், ஐயா. அவன் எழுதாத கட்டுரை அவன் பெயரில் வந்தால் நாளை நேர்காணலில் அதிலிருந்துதான் முதல் கேள்வி வரும். அந்தப் பணத்தில் நல்ல புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள். பயிற்சி முகாம்களுக்குப் போய்வர ரயில் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு அப்ரென்டிஸாகச் சேர்ந்திருக்கிறேன். மென்டர் எல்லாம் காலேஜ் பசங்களுக்குத்தானா மேடம்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, உங்களுக்கு ஆள் பக்கத்து லேத்திலேயே நிற்கிறார். 20 வருடம் அதில் நின்ற அண்ணனுக்கு, டூல் மழுங்கிவிட்டதை மெஷினை நிறுத்தாமல் சத்தத்திலேயே கண்டுபிடிக்கத் தெரியும். என் தம்பி இந்தத் தொழிலில் இருந்தவன், அவனுக்கு வாய்த்த மேஸ்திரி முதல் மூன்று மாதம் டூல் சாணை பிடிக்க மட்டும்தான் விட்டாராம். அப்போது கோபம், பிற்பாடு கும்பிட்டான். ஷிஃப்ட் முடிந்ததும் பத்து நிமிடம் நின்று அன்று ரிஜெக்ட் ஆன ஒரு பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘அண்ணே, இது எங்கே தப்பாப் போச்சு?’ என்று கேளுங்கள். அவர் சொன்னதை அன்றிரவே ஒரு டைரியில் குறித்து வையுங்கள்.

கேள்வி: ஒரு பேராசிரியர் பெரிய மனசோடு எனக்குப் புத்தகம் ஒன்றைச் சொல்லி, இரண்டு அத்தியாயம் போட்டுவிட்டு வா என்றார். இரண்டாவது அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டேன். வெட்கத்தில் பதிலே எழுதவில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது. இனி எந்த முகத்தோடு எழுதுவது?
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். 1981-இல் நான் எம்.எஸ்சி. படிக்கும்போது, சென்னையில் இருந்த ஒரு பேராசிரியருக்கு ஒரு சந்தேகம் கேட்டு இன்லேண்ட் லெட்டர் போட்டேன். அவர் விடை சொல்லாமல், இதை முதலில் நிரூபித்து அனுப்பு என்று வேறொரு கணக்கை எழுதி அனுப்பினார். எனக்குப் பாதிதான் வந்தது. பாதியை எப்படி அனுப்புவது என்று வைத்துக்கொண்டே 14 மாதம் ஓட்டிவிட்டேன். கடைசியில் ஒருநாள், அந்தப் பாதியையே எழுதிப் போட்டேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது. நீலத் தாளில் நாலே வரி: மூன்றாவது படி தவறு, மற்றது சரி, அடுத்ததை இப்படி முயன்று பார், ஏன் இவ்வளவு நாள்? அந்தக் கடைசி வரியில் கோபம் இருக்கிறதா என்று பல தடவை படித்துப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டிருந்தார்.

ஆசிரியர் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். சொன்னதை முடிக்காத பிள்ளைகள் மேல் எங்களுக்கு வருத்தம் வருவதில்லை. பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டால்தான், பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதோ, வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

காரணங்களை ஒரு பக்கம் அடுக்காதீர்கள். ‘சார், ஐந்து மாதமாக எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். முதல் அத்தியாயம் முடித்துவிட்டேன். இரண்டாவதில் இத்தனையாவது கணக்கில் நின்றுவிட்டேன். இதுவரை போட்டதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வரிக்கு மேல் போக முடியவில்லை’ என்று எழுதி, அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுப் படம் எடுங்கள். இன்று ராத்திரியே அனுப்பிவிடுங்கள்.